பச்சை மேல் பச்சையாக ஒரு வார்த்தை

வருகிற திங்கட்கிழமை முதல் என் நாற்காலியில் மாற்றி மாற்றி உட்காரப் போகிற உங்கள் இருவருக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி சார் சொன்னார். அவர் கேட்டது ஷார்ட்கட் பட்டியல். அது மானிட்டருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பிரதியை டிராயருக்குள்ளும் ஒட்டியிருக்கிறேன். ஆகையால் இது வேறு.

ஓய்வு பெறுகிற வயது எனக்கு இல்லை. முப்பத்திரண்டு ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, அதனால் போகிறோம். எட்டு வருடம் தினமும் நெரவியிலிருந்து காரைக்காலுக்குப் பஸ் ஏறி வந்து இந்த பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்தேன். எட்டு வருடம் ஒருவர் புத்தி சொல்லப் போதுமா என்று தெரியவில்லை. போதாது என்று தோன்றினால் இந்தத் தாளை ஓரமாக வைத்துவிடுங்கள்.

நம் வேலையில் பாதி, பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றுவது. மீதிப் பாதி, எழுத்தின் நிறத்தையும் பின்னணியின் நிறத்தையும் மாற்றுவது. எழுத்தைத் தேர்வு செய்து நிறத்தின் மேல் கிளிக் செய்தால் எழுத்து மாறும். பின்னணிப் பெட்டியைத் தேர்வு செய்து கிளிக் செய்தால் பின்னணி மாறும். ஒரே நாளில் வந்துவிடும். எதை மாற்றினால் கூடவே வேறு எது மாறும் என்பதுதான் வர நாளாகும்.

நான் சேர்ந்த புதிதில் திருநள்ளாற்று லாட்ஜ் ஒன்றுக்கு நீலத்தின் மேல் சிவப்பு எழுத்தாகப் போட்டுக் கொடுத்தேன். திரையில் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் லாட்ஜ்காரர் வந்து, "என்னங்க, எழுத்து ஆடுது" என்றார். போர்டைக் கட்டிய கயிற்றை இறுக்கிப் பார்க்கச் சொன்னேன். இறுக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் வந்தார். ஆடியது கயிறு இல்லை, அந்த இரண்டு நிறங்களும் பக்கத்தில் வந்தால் கண்ணுக்குள் ஆடும். இது சின்னத் தப்பு. வெள்ளை எழுத்தாக்கியதும் நின்றுவிட்டது.

நான் சொல்ல வந்தது வேறொரு தப்பு.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருவர் மகளுடைய கல்யாணத்துக்கு பிளெக்ஸ் போட வந்தார். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். இங்கே அவரைப் பாய் என்றே சொல்கிறேன். அவருடைய தகப்பனாரை ஊரே ஹாஜியார் என்றுதான் சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன். ஃபைலைத் திறந்தால் உங்களுக்குப் பெயர் தெரிந்துவிடும். தெரிந்துகொண்டு சும்மா இருங்கள்.

அந்த வீட்டுக் கல்யாண பிளெக்ஸில் மணப்பெண் படம் கிடையாது. எழுத்து மட்டும்தான். அதனால் நிறம் சரியில்லை என்றால் ஒளிந்துகொள்ள இடமில்லை. பச்சைப் பின்னணி, சந்தன நிற எழுத்து என்று முடிவானது. பாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெயர்களைச் சொன்னார், நான் அடித்தேன். "இன்னாரின் பேத்தியும்" என்ற வரி வந்தபோது நிறுத்தினார். ஹாஜியார் அப்போது இதய நோயோடு தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்.

"தங்கச்சி, வாப்பா பேருக்கு முன்னால கொஞ்சம் இடம் விட்டு வையிங்க."

"எவ்வளவு இடம் பாய்?"

அவர் வாசலில் போன ஆட்டோவைப் பார்த்தார். "ஒரு வார்த்தைக்கு."

இந்துக் குடும்பங்களின் பத்திரிகையில் இறந்தவர் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு போடுவது மாதிரி, முஸ்லிம் குடும்பங்களில் மர்ஹூம் என்று போடுவார்கள். உங்களில் ஒருவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொருவருக்காகச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. தேதியைத் தள்ளக் கூடாது என்று ஹாஜியாரே ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சொல்லிவிட்டாராம். பாய் எழுந்து போகும்போது, "வாப்பாவுக்கு இது தெரியக் கூடாது தங்கச்சி. புள்ளையே நாள் பாத்து வச்சிருந்தான்னு நெனச்சிருவாங்க" என்றார்.

இடம் விடுவது என்றால் குத்துமதிப்பாக விட்டுவிட்டுப் போகலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். எனக்குக் குத்துமதிப்பு வராது. சரியான அளவு தெரிய வேண்டும் என்றால் அந்த வார்த்தையை அடித்துப் பார்க்க வேண்டும். அடித்தேன். எழுத்துருவும் உயரமும் ஹாஜியாரின் பெயருக்கு வைத்த மாதிரியே வைத்தேன். வரி முழுவதையும் நடுவில் நிறுத்தினேன். அளவு தெரிந்தது. அப்போதே அந்த வார்த்தையை அழித்திருக்க வேண்டும்.

அழிக்கவில்லை. என் மகள் யாழினிக்கு அப்போது இரண்டரை வயது. மாதத்தில் நான்கு நாள் காய்ச்சல், நான்கு நாள் எனக்கு லீவு. நான் இல்லாத நாளில் தஞ்சாவூரிலிருந்து செய்தி வந்தால்? சார் மிஷின் ஓட்டுவார், டிசைன் தெரியாது. வார்த்தை தயாராக இருந்தால் அவர் அதன் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். அதனால் பின்னணியின் பச்சையை எடுத்து அந்த வார்த்தைக்கும் கொடுத்தேன். பச்சை மேல் பச்சை. கண்ணுக்குத் தெரியாது. தற்செயலாக நகர்ந்துவிடக் கூடாது என்று அதைப் பூட்டியும் வைத்தேன். பூட்டிய எழுத்தை, எல்லாவற்றையும் தேர்வு செய் என்றாலும் கணினி தொடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குத் தேவைப்படும்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பயம் பிடித்தது. நான் அடித்ததால் ஏதாவது ஆகிவிட்டால்? மறுநாள் பாய்க்கு போன் செய்து டிசைன் ரெடி என்று சொன்னேன், அந்தச் சாக்கில் ஹாஜியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அதற்கு மறுநாளும் செய்தேன். மூன்றாம் நாள் பாய், "என்ன தங்கச்சி, தெனமும் டிசைன் ரெடியாவுது?" என்றார்.

பத்து நாளில் ஹாஜியார் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அந்த வார்த்தையை அழிக்க ஃபைலைத் திறந்தேன். மவுஸைக் கொண்டுபோன பிறகு, இனி ஒன்றும் ஆகாது என்று நானாக முடிவு கட்டுகிற மாதிரி இருந்தது. நான் அழித்த நேரம் பார்த்து மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால்? தெரியாமல்தானே இருக்கிறது, கல்யாணம் வரைக்கும் இருக்கட்டும் என்று மூடிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பாய் போன் செய்தார். ஹாஜியார் செல்போனில் டிசைனைப் பார்த்திருக்கிறார்.

"எழுத்து கண்ணுக்குப் புடிபடலங்குறாங்க. வாப்பாவோட கூட்டாளிங்க எல்லாம் கண்ணு ஆபரேஷன் பண்ணுனவங்க. சந்தனத்துல பச்சை எழுத்தாப் போட்டா நல்லாத் தெரியுமாம். அப்படியே மாத்திப் போட்டுருங்க தங்கச்சி."

ஹாஜியார் சொன்னது சரி. வெளிர் பின்னணியில் அடர்ந்த எழுத்துதான் வயதானவர்களுக்குச் சுலபம். ஒரு நிமிட வேலை. அந்த நிமிடத்தில்தான் நெரவி பால்வாடியிலிருந்து ஆயா கூப்பிட்டு, "புள்ளைக்கு உடம்பு லேசா சுடுது, பாத்துட்டு மறுபடியும் சொல்றேன்" என்று வைத்தார். பின்னாலிருந்து சார், "மிஷின் சும்மா நிக்கிதும்மா" என்றார். பின்னணிக்குச் சந்தனம் கொடுத்தேன். எழுத்தையெல்லாம் ஒன்றாகத் தேர்வு செய்து பச்சை கொடுத்தேன். பாய்க்கு அனுப்பினேன். "மாஷா அல்லாஹ், கலரு அருமை" என்று பதில் வந்தது. அவர் கலரைப் பார்த்தார். நானும் கலரைத்தான் பார்த்தேன்.

என்ன நடந்தது என்று உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். பூட்டிய வார்த்தையை கணினி தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை, அது ஏற்கெனவே பச்சையாகத்தான் இருந்தது. அது ஒளிந்திருந்த பச்சை அதன் பின்னாலிருந்து போய்விட்டது, அவ்வளவுதான். வேறு நிறத்திலோ கோணலாகவோ இருந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். அது மற்ற எழுத்துகளின் அதே பச்சையில், அதே உயரத்தில், நான் அளந்து விட்ட இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இந்தக் கடையில் நான் செய்த மிக நேர்த்தியான வரி அது.

மத்தியானம் சார் பிளெக்ஸை மிஷினிலிருந்து எடுத்துத் தரையில் விரித்துவிட்டு, ஓரத்தில் ஓட்டை போடும் கருவியைத் தேட உள்ளே போனார். பத்தடி அகலம், ஆறடி உயரம். மை காயும் வாசனை. நான் கால்மாட்டிலிருந்து மேலே படித்துக்கொண்டு போனேன். பாதி வரியில் நின்றேன். "மர்ஹூம் ஹாஜி" என்று இருந்தது. அதே நேரம் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பாய் இறங்கி, கையைப் பிடித்து ஹாஜியாரை இறக்கினார்.

அவசர நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். செருப்பை வாசலில்தான் விட்டிருந்தேன். வெறுங்காலோடு பிளெக்ஸின் மேல் நடந்துபோய் அந்த வார்த்தையின் மேல் நின்றேன். வார்த்தை ஒன்றரை அடி இருந்தது. புடவை மறைத்தது.

ஹாஜியாருக்கு நாற்காலி போட்டார் பாய். அவர் மெலிந்திருந்தார், சட்டை தோளில் நிற்கவில்லை. குரல் மட்டும் மெலியவில்லை.

"கலரு நல்லாருக்கு. நாஞ் சொன்னேன்ல? பச்சையில சந்தனம் போட்டா எவனுக்குத் தெரியும்? பாதிப் பேரு ஆளையே குரலை வச்சித்தான் கண்டுபுடிக்கிறானுவோ."

"ஆமாங்க ஹாஜியார்."

"ஏம்மா, நீ என் பேரு மேலயா நிக்கிற?"

"இல்லங்க. உங்க பேருக்கு முன்னாடி."

"அங்க என்ன இருக்கு?"

"மை காயலங்க" என்றேன். அது எப்படிப் பதிலாகும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாய் என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "வாப்பா, வெயிலா இருக்கு, கெளம்புவோமா?" என்றார்.

"இப்பத்தானே வந்தேன். ஆஸ்பத்திரியில சீனி இல்லாம குடுத்தே கொன்னுட்டானுவோ. டீ சொல்லு, சீனியோட."

டீ வந்தது. ஹாஜியார் ஊதி ஊதிக் குடித்தார். மண்டபத்தில் எந்தப் பக்கம் கட்டுவது என்று பேசினார். சார் கருவியோடு வெளியே வந்து, "ஏம்மா, கொஞ்சம் நகரு, ஓட்டை போடணும்" என்றார். "அந்த மூலையிலேர்ந்து போடுங்க சார்" என்றேன். மூன்று மூலையில் போட்டு முடித்தார். என் கையில் போன் அடித்தது. பால்வாடி ஆயா.

"யாழினிம்மா, நல்லாவே சுடுது. வாந்தியும் எடுத்துட்டா. உடனே வந்து தூக்கிட்டுப் போங்க."

நின்ற இடத்தில் நின்றபடி யோசித்தேன். நான் நகராவிட்டால் குழந்தை அங்கே கிடக்கும். நகர்ந்தால், சாவுக்குப் பக்கத்தில் போய்விட்டு வந்த மனிதர் தன் பெயருக்கு முன்னால் அதைப் படிப்பார். அவர் நெஞ்சுக்கு என்ன ஆகும்? மகனைப் பற்றி என்ன நினைப்பார்? சுருட்டிவிடலாம், ஈரம் ஒட்டிவிடும் என்று சார் தடுப்பார். ஸ்டிக்கர் ஒட்டலாம், அவர் கண் முன்னால் எப்படி? ஒரு தப்பை மறைக்கப் போய்த்தான் இந்த இடத்தில் நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்னும் ஒன்றை மறைக்க என்னிடம் கால் மிச்சமில்லை.

"ஹாஜியார், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ஒரு முறை படித்தால் போதுமான வார்த்தைதான். அவர் இரண்டு முறை படித்தார். சார் கருவியைக் கீழே வைத்தார்.

"யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லலங்க. நானாத்தான் போட்டேன்."

இது உண்மையா பொய்யா என்று நான்கு வருடமாக யோசிக்கிறேன். பாய் இடம்தான் விடச் சொன்னார், வார்த்தை என்னுடையது. கேள்விக்குப் பதில் உண்மை. கேட்டவர் தெரிந்துகொள்ள விரும்பியதை நான் சொல்லவில்லை. இரண்டையும் உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

"எப்பப் போட்ட?"

"நீங்க தஞ்சாவூர்ல இருந்தப்ப. தெரியாம இருக்கட்டும்னு பச்சைக்குள்ள பச்சையா வச்சிருந்தேன். நீங்க கலர மாத்தச் சொன்னதும் வெளிய வந்துருச்சி."

ஹாஜியார் டீயில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். "அப்ப நாந்தான் வெளிய கொண்டாந்திருக்கேன்" என்றார். பிறகு, "அன்னைக்கு டாக்டரே அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தான். நீ என்ன பண்ணுவ. போன்ல யாரு?"

"பால்வாடிங்க. பொண்ணுக்குக் காய்ச்சல்."

"அப்ப இங்க என்ன நின்னுக்கிட்டு இருக்க? ஆட்டோ வாசல்லதான நிக்கிது, எடுத்துக்கிட்டுப் போ. நாங்க இன்னொரு டீ குடிக்கிறோம்."

இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டு கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். பூட்டைத் திறந்து, வார்த்தையைத் தேர்வு செய்து, அழிக்கப் போனேன். பின்னால் குரல் கேட்டது.

"அழிக்காதம்மா."

திரும்பினேன். திரைக்குக் கிட்டே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"பச்சைக்குள்ள பச்சையா வச்ச மாதிரி சந்தனத்துக்குள்ள சந்தனமா வச்சிரு. இன்னும் ரெண்டு பேத்தி இருக்கு. எப்பவாச்சும் வேண்டியிருக்கும்ல, மறுபடியும் அளந்துக்கிட்டு இருப்பியா?" என்றார். பிறகு பாயைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே, "எடம் சரியா விட்டிருக்க. ஒரு வார்த்தைக்குன்னு இவ்வளவு கரெக்டா எடம் விடச் சொன்னது யாருன்னு நான் கேக்கல" என்றார்.

பாய் டீ சொல்ல வெளியே போனார். யாரும் தொடாத மூன்று டீ ஏற்கெனவே மேசையில் இருந்தது.

அவர் சொன்னபடியே செய்தேன். வார்த்தைக்குச் சந்தன நிறம் கொடுத்து, மறுபடியும் பூட்டி, சாரிடம் அனுப்பிவிட்டு அந்த ஆட்டோவிலேயே நெரவிக்குப் போனேன். யாழினிக்கு மூன்று நாளில் சரியானது. சார் புதிதாக அச்சடித்துக் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார். அடுத்த வாரம், "பூட்டினத எங்கயாச்சும் எழுதி வையிம்மா" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபைலின் ஓரத்திலும், அச்சில் வராத இடத்தில், என்னென்ன பூட்டியிருக்கிறது, எதற்குள் எது ஒளிந்திருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். பின்னணி நிறத்தைத் தொடும் முன்பு அந்த ஓரத்தைப் படியுங்கள். மறைப்பது அழிப்பது ஆகாது. பின்னணி மாறினால் மறைத்தது அத்தனையும் வெளியே வரும், அதுவும் நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக வைத்தீர்களோ அவ்வளவு நேர்த்தியாக வரும்.

போன மாதம் பாய் போன் செய்தார். இரண்டாவது மகளுக்குக் கல்யாணம்.

"அதே டிசைன்தான் தங்கச்சி. பேரு, தேதி மட்டும் மாத்துங்க."

வாப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கம் அவரே சிரித்தார்.

"வாப்பா பக்கத்துலதான் இருக்காங்க. கலரு எதுவும் மாத்த வேணாம்னு சொல்லச் சொல்றாங்க."

அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டேன். பிளெக்ஸை நான்கு முறை படித்தேன், திரையில் இரண்டு முறை, தரையில் விரித்து ஒரு முறை, கட்டிய பிறகு மண்டபத்துக்கே போய் ஒரு முறை. ஃபைல் அப்படியே இருக்கிறது. வார்த்தையும் சந்தனத்துக்குள் சந்தனமாக அதே இடத்தில் இருக்கிறது. மூன்றாவது பேத்தி இப்போது காலேஜில் சேர்ந்திருக்கிறாள். அந்த ஆர்டர் வரும்போது இங்கே நீங்கள்தான் இருப்பீர்கள். பின்னணியை மாற்றச் சொன்னால் உடனே மவுஸைத் தொடாதீர்கள். முதலில் பாய்க்கு போன் செய்து, டிசைன் ரெடி என்று சொல்லிவிட்டு, ஹாஜியார் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டு எனக்கும் ஒரு போன் செய்யுங்கள்.